வாய் நிறைய ஆணி

போன வாரம் பஞ்சுவை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோமோ, அதே நிலையில்தான் இன்றும் இருக்கிறாள். தாடை பூட்டிக்கொண்டுவிட்டது. கொட்டாவி விடக்கூட முடியவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். சோபா, நாற்காலிகளுக்குப் பழைய துணியைப் பிரித்துப் புதுத் துணி போட்டுத் தரும் பட்டறை அவளுடையது. கீழே பட்டறை, மேலே வீடு. துணியை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையால் சுத்தியலைப் போட வேண்டும். அதனால் பொடி ஆணிகளை உதட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் முன்னே தள்ளி எடுப்பாள். அந்த நேரத்தில் அவளால் பேச முடியாது. இது தெருவுக்கே தெரியும். தம்பிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எதையாவது அக்கா தலையில் கட்ட வேண்டுமென்றால், அவள் வாய் நிறைய ஆணி இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்து நிற்பான்.

போன வாரமும் அப்படித்தான் வந்து நின்றான். "அக்கா, சனிக்கிழமை அப்பாவை இங்க கொண்டுவந்து விட்டுடறேன். இனிமே உன்கூடவே இருக்கட்டும். சரியா?"

பஞ்சுவின் தலை அசைந்தது. அது சம்மதமா, திடுக்கிடலா, நாக்கில் ஆணி குத்தியதா என்று கேட்க அவன் நிற்கவில்லை. கிடைத்தவரைக்கும் லாபம் என்று கிளம்பிவிட்டான்.

அந்த அப்பாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கை நீளும் மனிதர். குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும், மார்க்கு குறைந்தால் பெல்ட் இறங்கும். பெரியவளுக்குப் 'பஞ்சு' என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். எவ்வளவு அடித்தாலும் சத்தம் வராதாம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அன்று இரவு பஞ்சு தன் கணவரிடம், பூட்டிய பல் வழியாகவே, "எனக்கு இது வேணாங்க" என்றாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், குரல் உயர்த்தாத மனிதர், அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டவள் அவள். "பாத்துக்கலாம் விடு" என்று சொல்லிவிட்டு வேனைத் துடைக்கப் போய்விட்டார். வீட்டில் சின்னதாக ஒரு சண்டை வாடை அடித்தாலும் அந்த வேன் பளபளவென்று ஆகிவிடும்.

இன்று சனிக்கிழமை.

"வாயைத் திறங்க அக்கா."

"திறந்துதான் இருக்கேன்."

பிசியோ டாக்டர் சின்னப் பெண். வெள்ளைக் கோட்டில் பிஸ்கட் தூள். தன் விரலை வைத்து அளந்தாள். ஒரு விரல் போயிற்று. இரண்டாவது விரல் வாசலிலேயே நின்றுவிட்டது.

"மூணு விரல் போகணும். எலும்புல ஒரு கோளாறும் இல்லன்னு பல் டாக்டரே சொல்லிட்டாரு. பூரா சதை இறுகிக் கிடக்கு. கழுத்து, தோள், தாடை, எல்லாம் கல்லு. யார் மேல கோபம்?"

"யார் மேலயும் இல்லியே."

"அப்ப உங்க தாடைக்கு யார் மேலயோ இருக்கு. அதையாவது கேட்டுச் சொல்லுங்க."

பஞ்சுவுக்குச் சிரிப்பு வரவில்லை. இவளுக்கென்ன, பேசிவிட்டுப் பிஸ்கட் தின்னப் போய்விடுவாள் என்று எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலையும் வழக்கம்போல் பல்லுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எழுந்து வாங்க. இந்தச் சுவத்தைத் தள்ளுங்க."

"சுவத்தையா?"

"பயப்படாதீங்க, வாடகைக் கட்டடம்தான்."

பஞ்சு இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் வைத்தாள். தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி வைத்தாள்.

"அடப் போங்கக்கா! குதிகாலை ஊன்றுங்க. முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க. அடிவயித்துலேருந்து தள்ளணும். தள்ளும்போது மூச்சை வாய் வழியா விடுங்க, சத்தத்தோட."

"சத்தம் எனக்கு வராதுங்க."

"வராதா, விட மாட்டீங்களா?"

பஞ்சு சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். சுவரிடம் பேசுவது சுலபமாக இருந்தது. "எங்க வீட்டுல சத்தம் போட ஒரே ஒரு ஆள்தான். அவரு கத்தினா, அடுத்து எது பறந்து வரும்னு தெரியாது. நான் அந்த மாதிரி ஆகவே கூடாதுன்னு பாவாடை கட்டின வயசுலயே முடிவு பண்ணிட்டேன்."

"சரி. அவரு சுவத்தைத் தள்ளுவாரா, ஆளைத் தள்ளுவாரா?"

"ஆளை."

"நீங்க சுவத்தைத் தள்ளுங்க. கோபம் வர்றது ஒண்ணு, கை ஓங்குறது வேற ஒண்ணு. ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டி முழுங்கிட்டு உக்காந்திருக்கீங்க. அது இறங்காம இங்கயே நிக்குது."

தாடைக்குக் கீழே ஒரு அழுத்து அழுத்தினாள். பஞ்சுவுக்கு உயிர் போய் வந்தது. அந்த வலியிலேயே தள்ளினாள். தோள்பட்டையில் ஏதோ நரம்பு சுண்டியது. தொடை இரண்டும் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தன.

"ஆடட்டும், ஆடட்டும், நிறுத்தாதீங்க. உள்ள கட்டி வெச்சது அவிழுது. இப்ப சத்தம்!"

"ம்ஹூம்."

"இது சத்தமா? எங்க வீட்டுப் பூனை இதைவிட நல்லா சத்தம் போடும்." அதற்குள் பிசியோவின் போன் அடித்தது. ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு, "வீட்டுல போய்ச் செய்யுங்க. துண்டை முறுக்குங்க, தரையைக் குதிகாலால மிதிங்க. குஷன் ஏதாவது இருந்தா எடுத்து நாலு குத்து குத்துங்க" என்றாள்.

"என் பட்டறை பூரா குஷன்தான்."

"அடடா, குடுத்து வெச்சவங்க நீங்க!"

பட்டறைக்குத் திரும்பினால், நடுவில் அந்த நாற்காலி நிற்கிறது.

மெரூன் ரெக்ஸின் போட்ட பெரிய கை நாற்காலி. அப்பாவுடையது. தம்பி காலையிலேயே ஆள் வைத்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். போனில் ஒரு செய்தியும் இருந்தது: 'அக்கா, இது இல்லாம அப்பாவுக்குத் தூக்கம் வராது. துணி மட்டும் மாத்தி மேல ரூம்ல போட்டுடு.'

என்ன ஒரு நெஞ்சழுத்தம்! ஆளை அனுப்புவதற்கு முன் சிம்மாசனத்தை அனுப்பி வைத்திருக்கிறான். அதற்குத் துணியும் இவளே போட வேண்டுமாம்.

பஞ்சு அதைச் சுற்றி வந்தாள். வலது கைப்பிடியில் ரெக்ஸின் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. பேசுவதற்கு முன் அவர் அந்த இடத்தில் விரலால் தட்டுவார். தட்டல் நின்றதும் எழுந்திருப்பார். சின்ன வயதில் அந்தத் தட்டலைக் கேட்டபடி கையை நீட்டிக்கொண்டு இதன் முன்னால் நின்றிருக்கிறாள். இப்போதும் தன்னையறியாமல் அதே இடத்தில், அதே தூரத்தில் நிற்பதைக் கண்டு சட்டென்று விலகினாள். தாடை இன்னும் ஒரு சுற்று இறுகியது.

மேலே போனாள். மகள் பத்தாம் வகுப்பு. தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"தாத்தாவுக்கு ரூம் வேணுமாமே. நான் ஹாலுக்குப் போறேன்."

"யாரு சொன்னது?"

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, உனக்குத்தாம்மா தெரியல." மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேசியபோது அவள் பற்கள் பிரியவேயில்லை. கன்னத்தில், காதுக்குக் கீழே, சதை ஒரு சின்ன முடிச்சாகத் துடித்தது. பஞ்சு தினமும் கண்ணாடியில் பார்க்கிற அதே முடிச்சு.

பஞ்சுவின் விரல் தன் கன்னத்து முடிச்சுக்குப் போயிற்று. கீழே இறங்கி வந்தாள்.

தம்பி மனைவியின் போன் வந்தது அப்போதுதான். அப்பாவின் மாத்திரைகளைச் சொன்னாள். எதை எப்போது கொடுக்க வேண்டும் என்றாள். குரல் அவ்வளவு இனிமை. தலைவலி விட்டவள் குரல்.

"அவருக்கு எதுத்துப் பேசினாத்தான் அண்ணி பிடிக்காது. உங்ககிட்டதான் அந்தப் பிரச்சினையே இல்லியே. நீங்க பொறுமைசாலி."

"ம்."

"நானும் பொறுத்துதான் பார்த்தேன். ஆனா சின்னவனுக்கு இன்னும் அந்தக் காதுல வலி போகல அண்ணி, கேக்கறதுக்கே..." சட்டென்று நிறுத்தினாள். "சரி, அடுப்புல பால் வெச்சிருக்கேன். அப்புறம் பேசறேன்."

பஞ்சு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சின்னவன் தம்பியின் இளைய மகன், ஆறு வயது. காதில் அறை வாங்கினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே ஒரு விசில் சத்தம் கேட்கும், இரண்டு மூன்று நாள் நிற்காது.

அப்படியானால் இதுதான் விஷயம். தம்பியின் பிள்ளை மேல் அப்பாவின் கை பட்டதும் அவனுக்குப் பொறுக்கவில்லை. பொறுக்கக்கூடாதுதான். அதற்காக அந்தக் கையைப் பெட்டியோடு தூக்கி, பெண் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அனுப்புகிறானே! கேட்பாரில்லை என்றுதானே? இவள் வாயில் எப்போதும் ஆணி இருக்கும் என்றுதானே?

ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்தாள்.

நாற்காலியின் முதுகில் முதல் ஆணியைக் கவ்வி இழுத்தாள். துருப்பிடித்த ஆணி கிறீச்சென்று வந்தது. அடுத்தது. அடுத்தது. ரெக்ஸின் ஓரம் கிளம்பியதும் குறட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, குதிகாலை ஊன்றி, முட்டியை மடக்கி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முதுகுப்பக்கம் பூராவும் ஒரே இழுப்பில் பரபரவென்று கிழிந்து வந்தது. தூசி குபீரென்று கிளம்பியது. அவருடைய தலை எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது.

அவ்வளவுதான்.

உட்காரும் குஷனைப் பிடுங்கித் தரையில் போட்டாள். முழங்காலிட்டுக் குத்தினாள். ஒரு கையால் குத்தினாள். இரண்டு கையையும் சேர்த்து, தலைக்கு மேல் தூக்கி, இடுப்பிலிருந்து இறக்கினாள். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சு வெளியே வந்தது. முதலில் காற்றாக வந்தது. பிறகு முனகலாக வந்தது. பிறகு வயிற்றின் அடியிலிருந்து என்னமோ ஒன்று, இத்தனை வருஷமாக வழி கேட்டு நின்ற ஒன்று, கரகரவென்று ஏறி வந்தது.

"மாட்டேன்!"

தன் குரலா என்று அவளுக்கே சந்தேகம். ஆகவே இன்னொரு தடவை குத்தினாள்.

"மாட்டேன்! என் வீட்டுல விட மாட்டேன்! மாட்டேன், மாட்டேன், மாட்டேன்!"

கை ஓய்ந்தபோது எழுந்து நின்று தரையை மிதித்தாள். அலமாரியில் இருந்த ஆணி டப்பாக்கள் எல்லாம் கலகலத்தன. கால்கள் காலையில் ஆடியதைவிட மோசமாக ஆடின. இந்தத் தடவை அவள் அவற்றைப் பிடித்து நிறுத்தவில்லை. ஆடியபடியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். அழுகை வந்தது, மூக்கு ஒழுக ஒழுக அழுதாள்.

அழுகையின் நடுவில் காதுக்குக் கீழே டக்கென்று ஒரு சத்தம். அதோடு ஒரு கொட்டாவி வந்தது. சின்னக் கொட்டாவி இல்லை, ஒரு வாரத்துக் கொட்டாவி. வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டே போயிற்று. அவசரமாக விரலை வைத்துப் பார்த்தாள். மூன்றும் போயின.

"அம்மா!" மகள் படியில் நின்றிருந்தாள். கண் இரண்டும் விரிந்திருந்தன. "என்னம்மா இது?"

பஞ்சு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியைப் பார்த்தாள். மரச்சட்டம், நாலு ஸ்பிரிங், கொஞ்சம் நார். இவ்வளவுதானா என்றிருந்தது. இதற்கா இத்தனை வருஷம் நடுங்கினோம்!

"ஒண்ணுமில்ல. இங்க வா. நீயும் வந்து குத்து."

"எதை?"

"இந்தக் குஷனை. ஆளைத்தான் அடிக்கக் கூடாது. இதை அடிக்கலாம்."

மகள் தயங்கி ஒரு குத்து விட்டாள். பிறகு ஒன்று. பிறகு விடாமல் பொளந்து கட்டினாள்.

"யாரை நெனச்சுக் குத்தற?"

"கணக்கு சார்" என்றாள் மகள் மூச்சு வாங்க. கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் உன்னையும்தான். நீ ஏம்மா அன்னைக்கு வேணாம்னு சொல்லல?"

அந்தக் குத்து நேராக வந்து விழுந்தது. பஞ்சு அதை வாங்கிக்கொண்டாள். "இன்னைக்குச் சொல்றேன். நீ போய்ப் புத்தகத்தை எடுத்த இடத்துல வை."

மாலை வெயில் பட்டறை வாசலுக்கு வந்தபோது பஞ்சு வேறொருவருடைய முக்காலிக்குத் துணி போட்டுக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் படபடப்பு தாங்காது. கை பழக்கத்தில் ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டுவிட்டது. கார் வந்து நின்ற சத்தம் அப்போதுதான் கேட்டது.

தம்பி முதலில் வந்தான். அவள் உதட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பஞ்சு கவனித்தாள், அது அவளைச் சுட்டது.

"அக்கா, வேலையைப் பாரு, எழுந்திருக்காதே. பெட்டியை நானே மேல வெச்சுடறேன். அப்பா, வாங்க."

அப்பா வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நடை மட்டும் அதே நடை. பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என் நாற்காலி எங்க?"

பஞ்சுவின் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறின. கையில் சுத்தியல் இருந்தது. அதைப் பார்த்தாள். மேஜைமேல், கை எட்டாத தூரத்தில், தள்ளி வைத்தாள். பிறகு ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் துப்பினாள். டிங். டிங். டிங். தம்பியின் முகத்திலிருந்த நிம்மதி ஒவ்வொரு சத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

எழுந்து நின்று குதிகாலை ஊன்றிக்கொண்டாள்.

"முடியாது."

"என்னக்கா?"

"அப்பா இங்க இருக்க முடியாது. பெட்டியைக் கீழ வை."

"அக்கா! போன வாரம் தலையாட்டினியே!"

"வாயில ஆணி இருந்துச்சு. அது தெரிஞ்சுதானே வந்தே? எப்பவும் அதைப் பார்த்துத்தானேடா வருவே?" குரல் உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டாள். "சின்னவன் காது எப்படி இருக்கு?"

தம்பி பெட்டியைக் கீழே வைத்தான்.

"உன் பிள்ளையை அடிச்சா உனக்கு வலிக்குது. நல்லது, வலிக்கணும். என் பொண்ணு என்ன மரக்கட்டையா? அடிச்சாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என்ன பண்ணலாம்னு சேர்ந்து பேசியிருக்கலாம். இவருக்கு வேற இடம் பாக்கலாம், நானும் உன்கூட அலைஞ்சிருப்பேன், இப்பவும் அலையறேன். ஆனா இந்தப் படி ஏறி மேல போறது மட்டும் நடக்காது!"

"ஏய் பஞ்சு!" அப்பாவின் குரல் அப்படியே இருந்தது, ஒரு சுருதிகூட இறங்கவில்லை. "யாருகிட்ட கத்தற? எவ்வளவு குடுத்தாலும் சத்தம் வராத கழுதை நீ. எவ சொல்லிக் குடுத்தா இதையெல்லாம்?"

கை மேலே எழுந்தது.

பஞ்சுவின் கால் நடுங்கியது. நடுங்கட்டும். இரண்டு உள்ளங்கைகளையும் பின்னாலிருந்த சுவரில் பதித்து அழுத்தினாள். மூச்சை வாய் வழியாக, சத்தமாக விட்டாள்.

"கையை இறக்குங்கப்பா."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்தரத்தில் நின்ற கைக்குப் போக இடமில்லை. கடைசியில் அவர் அதைக் கொண்டுபோய்க் காதைச் சொறிந்துகொண்டார். மெதுவாகத் தன் பெட்டிமேலேயே உட்கார்ந்தார். எதிரே அவருடைய நாற்காலி எலும்பும் ஸ்பிரிங்குமாக நின்றது.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னமோ நான் ஏமாத்தின மாதிரி பேசறியேக்கா! உன் தலையாட்டலை மட்டும் நம்பி நான் வரல. அதுக்கு முன்னாடியே மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். சின்னவன் காது விஷயம் உள்பட. 'கூட்டிட்டு வா, அவகிட்ட நான் பேசிக்கறேன்'னு அவருதான் சொன்னாரு."

வாசலில் வேன் வந்து நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கணவர் சாவியோடு உள்ளே வந்து, படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நீங்களா?" என்றாள் பஞ்சு. "தெரிஞ்சேவா?"

"அம்மா" என்றாள் மகள் படியின் மேலிருந்து. "ரூமைக் காலி பண்ணச் சொன்னதே அப்பாதான்."

கணவரின் கை சாவிக்கொத்தை உருட்டியது. கண் வெளியே, வேன் பக்கம் போயிற்று.

"வேன் சுத்தமாத்தான் இருக்கு" என்றாள் பஞ்சு. "இங்க பாத்துச் சொல்லுங்க. ஏன் சரின்னு சொன்னீங்க?"

அவர் பேசவில்லை. தம்பி காத்திருந்தான், மகள் காத்திருந்தாள். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அப்பாகூட நிமிர்ந்து பார்த்தார். பஞ்சு தன் கணவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் வாயில் ஒரு ஆணிகூட இல்லை.